அந்திமந்தாரை – 9: கறுப்புத் தாளில் பூத்தவை

ஒரே ஒரு பூ. அதற்கு 230 காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் தனித்தனியாக வெட்டி, பசை தடவி, கறுப்புத் தாளின்மேல் அதனதன் இடத்தில் ஒட்டியிருக்கிறார் ஒரு பெண்மணி. எதிரே பூவை வைத்துக்கொண்டு கண்ணளவிலேயே வெட்டியது. அந்தப் பூவை அவர் செய்து முடித்தது 1777இல். அவர் பிறந்தது 1700இல். வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

89 வயதில் மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங்கைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு வரும் ஆர்வத்தைப் 'பொழுதுபோக்கு' என்று வீட்டிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள் என்ற இடத்தில் விட்டோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஃபௌஜா சிங் கட்டாயம் வருவார். ஆனால் குறிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது மேரி டெலானியின் இந்தப் பூ கண்ணில் பட்டது. பிறகு வேறு எதிலும் மனம் போகவில்லை.

பூ எது என்று சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்துவிட்ட சிறுபூனைக்காலியைப் பார்த்திருப்பீர்கள். காலையில் மலரும், வெயில் ஏறினால் கூம்பிவிடும். ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடியில் பிசுபிசுக்கும் பச்சை வலை. அதன்மேல் பத்து இதழ்கள் போலத் தெரிபவை. வெளியே ஐந்து, உள்ளே ஐந்து. அவற்றின்மேல் நூல் நூலாக ஒரு வட்டம். அடிப்பக்கம் ஊதா, நுனிப்பக்கம் வெள்ளை. நடுவில் ஒரு சிறு தூண் எழும்பி, அதில் ஐந்து கேசரங்கள் கைவிரித்து நிற்கும். அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள். கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்று விற்கிறார்களே, அந்தக் கொடியும் இதே இனம்தான்.

மேரி டெலானி எடுத்துக்கொண்டது இந்த இனத்தில் இன்னொன்று. நம் வேலிப் பூவைவிடப் பெரியது. அதன் நூல்கள் பட்டை பட்டையாக நிறம் மாறுபவை. அந்த நூல்களைத்தான் அவர் காகிதத்தில் வெட்டினார். தலைமுடியைப் போன்ற கீற்றுகள். தூரிகையால் இழுத்துவிட்டால் நொடியில் முடியும் வேலை. அவரோ கத்தரிக்கோலை எடுத்தார்.

ஏன் கத்தரிக்கோல்? இந்த வாரம் முழுக்க இந்தக் கேள்வியின் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் பிறந்தவர். குடும்பத்துக்கு அரச வட்டாரத்தில் செல்வாக்கு இருந்தது, பணம்தான் இல்லை. 17 வயதில் தந்தையின் சகோதரரான ஒரு பிரபு, தனக்கு அரசியலில் வேண்டியவரான அலெக்ஸாண்டர் பெண்டார்வ்ஸ் என்பவருக்கு அவரைக் கட்டிவைத்தார். மாப்பிள்ளை அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கீல்வாதம், குடி, சந்தேகம். கார்ன்வாலில் பாழடைந்த ஒரு பெரிய வீட்டில் வாழ்க்கை. ஏழு வருடம் கழித்து ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் கணவர் படுக்கையிலேயே இறந்து கிடக்கிறார். உயிலை மாற்றி எழுதியிருக்கவில்லை. அதனால் எதிர்பார்த்த சொத்தும் வரவில்லை.

அப்போது அவருக்கு 24 வயது. மறுமணத்துக்கு அவசரப்படவில்லை. 1743இல்தான், தானே விரும்பி, பாட்ரிக் டெலானி என்ற அயர்லாந்துப் பாதிரியாரை மணந்தார். பிறந்த வீட்டார் முகம் சுளித்தார்கள். டப்ளின் அருகே டெல்வில் என்ற வீடு, பெரிய தோட்டம், கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் கணவர். 25 வருட நல்ல வாழ்க்கை. 1768இல் அந்தக் கணவரும் போய்விட்டார். மேரிக்கு 68.

இந்த இடத்தில் நம் கதைகள் பொதுவாக முடிந்துவிடும். கணவர் போன பிறகு யாராவது ஒருவர் வீட்டில் ஒரு மூலை. மேரி டெலானிக்கும் ஏறத்தாழ அதுதான் நடந்தது. ஆனால் அந்த மூலை கிடைத்த வீடு அவருடைய நெடுநாள் தோழியான போர்ட்லண்ட் கோமகளின் பல்ஸ்ட்ரோட் மாளிகை. அந்தக் கோமகளுக்கு இயற்கை வரலாற்றில் அடங்காத பசி. சங்கு, சிப்பி, பூச்சி, பறவை முட்டை, உலர்ந்த தாவரம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தவர். அவர் வீட்டில் பிரார்த்தனை நடத்த வைத்திருந்த ஜான் லைட்ஃபுட் என்ற பாதிரியாரே ஒரு தாவரவியலாளர். கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் உலகைச் சுற்றி 1771இல் திரும்பிய ஜோசப் பேங்க்ஸும், அவருடன் போன டேனியல் சொலாண்டரும் அந்த மாளிகையின் விருந்தாளிகள். சொலாண்டர் யார்? தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன்காரர் லின்னேயஸின் நேரடி மாணவர்.

1772இல் அந்த மாளிகையில் ஒரு நாள். மேசைமேல் ஜெரேனியப் பூ. பக்கத்தில் சீனாவிலிருந்து வந்த வண்ணக் காகிதம் ஒன்று. இரண்டின் சிவப்பும் ஒன்றே போல இருப்பதை மேரி கவனித்தார். கத்தரிக்கோலை எடுத்து இதழ் இதழாக வெட்டினார். உள்ளே வந்த கோமகள், பூவை ஏன் பிய்த்துப் போடுகிறாய் என்று கேட்டாராம். காகிதம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அக்டோபரில், பூக்களைப் போலச் செய்ய ஒரு புது வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்று தன் தங்கையின் மகளுக்கு மேரி கடிதம் எழுதினார். அப்போது வயது 72.

இந்த ஜெரேனியக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. எழுபத்திரண்டில் திடீரென்று ஒரு மின்னல், அதன் பின் ஒரு மேதை பிறந்தார் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வாரம் நான் தெரிந்துகொண்ட மூன்று விஷயங்கள் அந்த மின்னல் கதைக்கு எதிராக நிற்கின்றன.

ஒன்று, கத்தரிக்கோல். மேரி சிறுமியாகப் பள்ளியில் படித்தபோதே காகிதத்தில் குட்டிப் பூக்களையும் பறவைகளையும் வெட்டிக்கொண்டிருந்தவர். உடன் படித்த ஒரு பிரபு வீட்டுப் பெண், தரையில் விழுந்த அந்தத் துண்டுகளைப் பொறுக்கித் தன் உடையில் குத்திக்கொள்வாளாம். முதுமையில் தன் வாழ்க்கையை எழுதியபோது இதை மறக்காமல் குறித்திருக்கிறார். அதாவது 1772இல் அவர் கையிலெடுத்தது அறுபது வருடத்துக்கு மேல் பழகிய கருவி.

இரண்டாவதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1740 வாக்கில், நாற்பது வயதில், அரசவைக்கு அணிந்து போவதற்காக மேரி ஓர் உடையைத் தானே வடிவமைத்தார். அதன் பாவாடைப் பகுதி பட்டு. அந்தப் பட்டு முழுக்கப் பூக்கள். அலங்காரத்துக்காகக் கற்பனையில் போட்ட பூக்கள் அல்ல, இன்னது இன்ன பூ என்று தாவரவியலாளர் அடையாளம் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமான எம்பிராய்டரி. அந்தப் பட்டின் நிறம் என்ன தெரியுமா? கறுப்பு. உடையின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் படத்தையும் காகிதப் பூக்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கறுப்பு இருட்டிலிருந்து பூ முன்னால் எழுந்து வரும் அந்த வித்தையை, முப்பது வருடத்துக்கு முன்பே ஊசியாலும் நூலாலும் செய்து, அதை உடுத்திக்கொண்டு அரசவையில் நடந்தும் விட்டார். அதைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு நல்ல உடை. அவ்வளவுதான்.

மூன்று, லின்னேயஸ். பூவின் கேசரங்களையும் சூல்தண்டுகளையும் எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்தே தாவரங்களை வகுப்புகளாகப் பிரித்தவர் அவர். எண்ணத் தெரிந்த யாரும் தாவரவியல் பழகலாம் என்ற நிலையை அந்த முறை உண்டாக்கியது. கணவர் இறந்த மறு வருடம், 1769இல், லின்னேயஸ் முறையில் வில்லியம் ஹட்சன் லத்தீனில் எழுதிய இங்கிலாந்துத் தாவர நூலை மேரி ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதியாகவே இருந்த வேலை. எதற்காகச் செய்தார்? துக்கத்தில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும், பூவுக்குள் எது எத்தனை என்று பார்க்கும் கண் அவருக்கு அந்த 69ஆம் வயதில் வந்துவிட்டது.

கத்தரிக்கோல் ஏழெட்டு வயதில். கறுப்பு நாற்பதில். எண்ணும் கண் அறுபத்தொன்பதில். இவை மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. சந்திப்பதற்கு ஒரு வீடு, ஒரு தோழி, கப்பலேறி வந்த புதுப்புதுச் செடிகள், ஒரு சீனக் காகிதம் எல்லாம் வேண்டியிருந்தன. இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து நான் சொல்ல முயன்றுகொண்டிருப்பது இதைத்தான். பிற்காலத்தில் வரும் ஆர்வத்தைப் புதையல் போலத் தோண்டி எடுக்க முடியாது. பல வருடங்களாகச் சிதறிக் கிடந்தவை ஒரு நாள் ஒன்றுசேர்கின்றன. சேர்வதற்கு இடமும் ஆளும் அமைய வேண்டும்.

'எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை, ரிட்டயர் ஆகிவிட்டேன், எங்கே தேடுவது' என்று கேட்டு வரும் கடிதங்கள்தான் இந்தத் தொடருக்கு அதிகம். அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: புதிதாக ஒன்றைத் தேடி வகுப்பு வகுப்பாகச் சேர்வதற்கு முன்னால், உங்கள் கை இத்தனை வருடமாக என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். யாரும் பெயர் வைக்காமல், யாரும் காசு கொடுக்காமல், நீங்கள் செய்துகொண்டே இருந்த வேலை எது?

என் பெரியம்மா ஒருவர் கல்யாண வீடுகளுக்கு ஆரத்தித் தட்டு அலங்கரித்துக் கொடுப்பார். ஜவ்வரிசிக்கு நிறமேற்றி நிழலில் உலர்த்தி, தட்டில் பசை தடவி, குச்சி நுனியால் ஒவ்வொரு மணியாகத் தள்ளித் தள்ளி மயில் தோகை வரைவார். தோகைக் கண்ணில் மட்டும் நீலம் மூன்று அழுத்தங்களில் வரும். நடுவில் கருநீலம், வெளியே போகப் போக வெளிறும். அதற்காக ஜவ்வரிசியை மூன்று கிண்ணங்களில் தனித்தனியாக ஊறப்போடுவார். ஆரத்தி எடுத்து முடித்ததும் தட்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துவிடுவார்கள். 'அக்காவுக்குக் கைவேலை நல்லா வரும்' என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. பெரியம்மாவுக்கு ஒரு பல்ஸ்ட்ரோட் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இந்த நீலத்தை எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்கும் ஒரு தோழி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் மேரியின் கதையில் தோழியை நான் மிகப் பெரிதாகப் பார்க்கிறேன். வேலையாட்கள் நிறைந்த வீடு, சமைக்க வேண்டாம், தண்ணீர் சுமக்க வேண்டாம். இந்த வசதியை மறைத்துவிட்டு 'மனமிருந்தால் மார்க்கம் உண்டு' என்று எழுதினால் அது படிப்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

வசதியே இல்லாத இடத்திலும் இது நடக்குமா? நடந்திருக்கிறது. மேரி முதல் கணவரோடு அவதிப்பட்ட அதே கார்ன்வாலில், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவர் ஊரில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்பவர் இருந்தார். கடலுக்குப் போனவர், பிறகு பழைய கயிறும் இரும்பும் வாங்கி விற்றவர். தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த பெண்ணை மணந்து வாழ்ந்தார். 1922இல் மனைவி இறந்தார். சில வருடம் கழித்து, எழுபது வயதில், துணைக்கு ஆளில்லாமல் வரைய ஆரம்பித்தார். கான்வாஸ் வாங்கப் பணம் ஏது? மளிகைக் கடைக்காரர் கொடுத்த அட்டைப்பெட்டித் துண்டுகளில், படகுக்கு அடிக்கும் பெயிண்டால் வரைந்தார். அட்டை கோணலாகக் கிழிந்திருந்தால் அதை நேராக வெட்ட மாட்டார். அந்தக் கோணலுக்கு ஏற்றபடி கடலைச் சாய்த்துக்கொள்வார். 1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டஃபர் வுட் என்ற இரண்டு இளம் ஓவியர்கள் தெருவில் போகும்போது, திறந்திருந்த கதவு வழியே உள்ளே சுவரில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் நவீன ஓவியம் போக வேண்டிய திசையையே இந்தக் கிழவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் வாலிஸ் 1942இல் மேட்ரன் என்ற ஊரில் ஏழைகள் விடுதியில்தான் இறந்தார். வாலிஸைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம், எழுதுவேன்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் கத்தரிக்கோல்? சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு காரணம் சொல்கிறார். மேரி இறந்த மறு வருடம் அவர் வெளியிட்ட, தாவரங்களைப் பற்றிய நீண்ட கவிதை நூலில் மேரியின் காகிதத் தோட்டத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அடிக்குறிப்பில், ஓவியம் வரையப் பார்வை இடம் கொடுக்காமல் போனதால்தான் மேரி இதற்கு வந்தார் என்கிறார். ஆரம்பித்த வயதை 74 என்று போட்டிருக்கிறார், அது தவறு. பார்வை பற்றிய குறிப்பையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். தூரிகையைப் பிடிக்க முடியாத கண் தலைமுடிக் கீற்றை எப்படி வெட்டும்?

என் பதில் வேறு. வெட்டுகிறவர் எல்லையை முடிவு செய்தாக வேண்டும். வண்ணம் தீட்டும்போது ஓர் இதழின் ஓரத்தை மங்கலாகக் கரைத்து ஏமாற்றிவிடலாம். கத்தரிக்கோலில் அது முடியாது. இதழ் எங்கே முடிகிறது, கேசரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு துண்டைக்கூட வெட்ட முடியாது. பூவைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் அறிவும் வெட்டும் கையும் ஒரே வேலையாகிவிட்டன. ஓர் இலைக்கே பல பச்சைகள். கீழே ஒன்று, அதன்மேல் வெளிச்சம் விழும் பக்கத்துக்கு வெளிர்ந்த பச்சையில் ஒரு சீவல், நடு நரம்புக்கு இன்னொன்று. காகிதங்களுக்கு வேண்டிய நிறத்தைத் தானே பூசி வைத்துக்கொள்வார். எப்போதாவது, எந்தக் காகிதமும் ஈடுகொடுக்காத இடத்தில், உண்மையான உலர்ந்த இலையையே ஒட்டியிருக்கிறார். தான் பார்த்தவற்றுள் எந்தத் தவறும் நேரும் என்ற பயமில்லாமல் ஒரு தாவரத்தை விவரித்து எழுதக்கூடியவை மேரியின் பூக்கள்தான் என்று ஜோசப் பேங்க்ஸ் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உலகைச் சுற்றிச் செடி சேர்த்தவர் சொன்ன வார்த்தை அது.

வேலை முடிந்ததும் தாளின் மூலையில் தன் பெயரின் முதலெழுத்துகளை வெட்டி ஒட்டுவார். பின்பக்கம் லின்னேயஸ் வகுப்பு, பெயர், தேதி, எந்த ஊரில் செய்தது, செடி யார் கொடுத்தது என்று எழுதுவார். விஷயம் பரவியதும் செடிகள் தாமாக வர ஆரம்பித்தன. கியூ தோட்டத்திலிருந்து அரசர் மூன்றாம் ஜார்ஜும் அரசி சார்லட்டும் அனுப்பினார்கள். 1781இல் அரசி ஒரு சிறு கருவிப் பெட்டி பரிசளித்தார். கத்தி, கத்தரிக்கோல், பென்சில், அளவுகோல், காம்பஸ், குத்தூசி. எண்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு நகை கொடுக்காமல் வேலைக்கருவி கொடுத்த அந்த அரசியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஆயிரம் பூக்கள் என்று மேரி இலக்கு வைத்திருந்தார். பத்து ஆண்டுகளில் 985 ஆனது. சராசரியாகப் பார்த்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு. 82 வயதில் கண் முழுவதுமாகக் கைவிட்டது, நிறுத்தினார். 1785இல் தோழி இறந்தார். அரசர் வின்ட்சரில் ஒரு வீடும் ஆண்டுக்கு 300 பவுண்டும் கொடுத்தார். 1788 ஏப்ரலில் மேரி காலமானார். பத்துத் தொகுதிகளும் குடும்பத்திலேயே இருந்து, 1897இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. லண்டனில் பிள்ளைகளோடு இருக்கும் வாசகர்கள் முன்கூட்டி எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். காகிதம் வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்பதால் இவற்றை எப்போதும் காட்சியில் வைத்திருப்பதில்லை.

ஃபௌஜா சிங்குக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஆனால் மேரியைப் படித்த பிறகு அவரை நான் பார்க்கும் விதமும் மாறியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் 89 வயதில் ஓடினார் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இளைஞராகப் பஞ்சாபில் இருந்தபோதே விரும்பி ஓடியவர், 1947இல் நாடு பிரிந்தபோது அதை விட்டுவிட்டார் என்ற செய்தியை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நடுவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கால்கள் வயலில் என்ன செய்துகொண்டிருந்தன, நூறு வயதில் டொரன்டோவில் மாரத்தான் முடித்தவரின் சாதனையைக் கின்னஸ் ஏன் பதிவு செய்ய மறுத்தது, அதற்கும் ஒரு பிறப்புச் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)